ரன்வேயில் காத்திருக்கும் ஆபத்து: சத்தம் போடாத அலாரமும், அணைத்து வைத்த அலாரமும்!

சென்னை:

விமானம் வானத்தில் பறக்கும்போதுதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உலகிலேயே அதிக உயிர்களை பலி வாங்கிய விமான விபத்து தரையில்தான் நடந்தது.

1977-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி ஸ்பெயின் நாட்டுக்கு சொந்தமான டெனரீப் தீவில், பனிமூட்டத்துக்கு நடுவே 2 ஜம்போ விமானங்கள் ரன்வேயிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் பலியானார்கள். அந்த ஏர்போர்ட்டில் அப்போது தரை ரேடார் கிடையாது.

இன்று பெரிய ஏர்போர்ட்டுகளில் தரை ரேடார் இருக்கிறது. ரன்வேயில் தப்பாக ஒரு விமானம் நுழைந்தால் எச்சரிக்கும் கருவியும் இருக்கிறது. அப்படியும் விபத்து நடக்கிறதே, எப்படி?

நம்ம ஊரிலும் எழுந்த கேள்வி

இது எங்கோ வெளிநாட்டு சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

2024-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஒன்று ரன்வேயில் ஓடி மேலே கிளம்பிக்கொண்டிருந்தது. அதே ரன்வேயில், அதன் பின்னாலேயே இண்டிகோ விமானம் வந்து இறங்கியது. நல்லவேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பணியில் இருந்த கட்டுப்பாட்டு அதிகாரி வேலையில் இருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார்.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, திருவனந்தபுரத்தில் இருந்து டெல்லி சென்ற ஏர் இந்தியா விமானம் சென்னைக்கு திருப்பி விடப்பட்டது. இறங்கப் போன நேரத்தில் சட்டென்று மறுபடி மேலே கிளம்பியது. ரன்வேயில் வேறு விமானம் நின்றதாக சொல்லப்படுகிறது என்று அதில் பயணம் செய்த கே.சி.வேணுகோபால் எம்.பி. புகார் கூறியது பரபரப்பை ஏற்படுத்தியது. ஏர் இந்தியா இதை மறுத்தது. கட்டுப்பாட்டு அறை சொன்னதால்தான் விமானம் மேலே கிளம்பியது, ரன்வேயில் இன்னொரு விமானம் இருந்தது காரணம் அல்ல என்று விளக்கம் தந்தது.

இறங்கப் போன விமானம் மறுபடி மேலே போவது தப்பே இல்லை. சந்தேகம் வந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். சந்தேகம் யாருக்குமே வராமல் போனால்தான் விபரீதம். ஜப்பானில் அதுதான் நடந்தது.

டோக்கியோவில் 40 விநாடி

2024-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி, மாலை 5.47 மணி. டோக்கியோ ஹனேடா ஏர்போர்ட். முதல் நாள்தான் ஜப்பானை பூகம்பம் தாக்கியிருந்தது. நிவாரண பொருட்களை ஏற்றிக்கொண்டு, கடலோர காவல் படையின் சிறிய விமானம் 6 பேருடன் கிளம்ப தயாரானது.

ரன்வேக்கு முன்னால் உள்ள இடம் வரை வந்து நிற்கும்படி டவரில் இருந்து சொன்னார்கள். கிளம்பும் வரிசையில் "நம்பர் ஒன்" என்றும் சொன்னார்கள். ரன்வேக்குள் போகவே அனுமதி கிடைத்துவிட்டதாக சிறிய விமானத்தில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே போய் சுமார் 40 விநாடி அங்கேயே நின்றார்கள்.

பின்னால் 379 பேருடன் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கி வந்தது. இருட்டில் முன்னால் நின்ற சிறிய விமானம் கடைசி நொடி வரை பைலட்டுகளின் கண்ணில் படவில்லை. இரண்டும் மோதி தீப்பிடித்தன. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் சறுக்கு வழியாக இறங்கி உயிர் தப்பினார்கள். சிறிய விமானத்தில் 5 பேர் பலியானார்கள்.

இதில் அதிர்ச்சி தரும் விஷயம் என்ன தெரியுமா? எச்சரிக்கை கருவி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. டவரில் இருந்த திரையில் ரன்வே மஞ்சள் நிறமாகவும், விமானம் சிவப்பாகவும் மாறிவிட்டன. ஆனால் அந்த கருவி அப்போது சத்தம் போடாத வகையில் இருந்தது. பல விமானங்களை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி அந்த திரையை கவனிக்கவில்லை.

சிவப்பு விழுந்தால் நிற்கணும் என்பது ஆட்டோ ஓட்டுபவருக்கும் தெரியும். இங்கே சிவப்பு விழுந்தது டவரில் இருந்த திரையில். விமானம் ஓட்டியவர்கள் யாருக்குமே அது தெரியாது. ரன்வே வாசலில் விமானத்தை நிறுத்தும் சிவப்பு விளக்கும் அந்த சமயம் பராமரிப்பு வேலைக்காக அணைக்கப்பட்டிருந்தது. அதையும் பனிமூட்டம் போன்ற நேரங்களில்தான் வழக்கமாக போடுவார்கள்.

மிலனில் அணைத்து வைத்த அலாரம்

"அப்போ சத்தம் போடும் அலாரம் வைத்தால் போச்சு" என்று தோன்றலாம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

2001-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி இத்தாலியின் மிலன் நகரில், லினாத்தே ஏர்போர்ட்டில் கடும் மூடுபனி. சிறிய ஜெட் விமானம் ஒன்று வழி தவறி ரன்வேக்குள் நுழைந்தது. கிளம்பிக்கொண்டிருந்த பெரிய விமானம் அதன் மீது மோதி, பெட்டி படுக்கைகளை கையாளும் கட்டிடத்தில் பாய்ந்தது. 118 பேர் பலி.

அங்கே வழி தவறி வரும் விமானத்தை கண்டுபிடிக்கும் சென்சார்கள் இருந்தன. வண்டிகளும் விலங்குகளும் குறுக்கே வந்தால்கூட அலாரம் அடித்ததால், அவற்றை அணைத்து வைத்திருந்தார்கள். பழைய தரை ரேடாரை எடுத்துவிட்டார்கள், புதியது வேலைக்கு வரவில்லை.

பலியானவர்களில் 4 பேர் விமானத்திலேயே ஏறாதவர்கள். பெட்டிகளை தூக்கி இறக்கும் தொழிலாளர்கள். ரன்வே பாதுகாப்பு என்பது டிக்கெட் வாங்கியவர்களின் பிரச்சினை மட்டும் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

என்னதான் வழி?

சும்மா சும்மா கத்தும் அலாரத்தை ஒருநாள் அணைத்துவிடுவார்கள். கத்தாத அலாரத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். உண்மையான ஆபத்துக்கு மட்டும் கத்த வேண்டும். கத்தினால் உடனே நடவடிக்கை எடுக்க ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும்.

ஹனேடா விபத்து நடந்த சில நாட்களிலேயே, அந்த திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க தனியாக ஒரு ஆளை ஜப்பான் நியமித்தது. "நம்பர் ஒன்" என்று வரிசை எண் சொல்வதையும் தற்காலிகமாக நிறுத்தியது. அமெரிக்காவில் சில பெரிய ஏர்போர்ட்டுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், ரன்வே தரையிலேயே சிவப்பு விளக்கு பதித்திருக்கிறார்கள். உள்ளே வேறு விமானம் இருந்தால் அது தானாக எரியும். டவர் சொல்லும் வரை காத்திருக்காமல் பைலட்டே பார்த்து நின்றுவிடலாம்.

சென்னை ஏர்போர்ட்டின் 2 ரன்வேக்களும் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொள்பவை. வேலைக்காக வளைகுடா நாட்டுக்கு போகிறவர்கள், முதன்முதலாக விமானம் ஏறும் குடும்பங்கள், டார்மாக்கில் வேலை பார்க்கும் ஒப்பந்த ஊழியர்கள் என எத்தனையோ பேரின் உயிர் இதில் அடங்கியிருக்கிறது.

கருவி எத்தனை கோடி என்பதை டெண்டர் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம். அலாரம் சத்தமாக அடிக்கிறதா, தப்பாக அடித்தால் சரி செய்கிறார்களா அல்லது அணைத்து வைக்கிறார்களா, அடிக்கும்போது கவனிக்க ஒவ்வொரு ஷிப்டிலும் ஆள் இருக்கிறாரா? விமான நிலைய ஆணையம் பொதுமக்களுக்கு பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவைதான்.