சித்தப்பாவின் விரலும் சிங்கப்பூர் கிடாரும்

ஒரு கிடார் கதை சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். வீட்ல பழைய வாத்தியம் இருக்கிறவங்க, வயசான அப்பா அம்மா இருக்கிறவங்க, ரெண்டு தரப்பும் முழுசாப் படிங்க.

இந்தக் கதைல தப்பு பண்ணினவங்க ரெண்டு பேர். ஒருத்தர் கிடாரை ஒட்டினவர். இன்னொருத்தர் நான்.

என் சித்தப்பா தூத்துக்குடிக்காரர். கப்பல் வேலை பார்த்தவர். 1974-இல் சிங்கப்பூரில் ஒரு யமஹா அக்கூஸ்டிக் கிடார் வாங்கினார். உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் 'நிப்பான் காக்கி' என்று இருக்கும். யமஹா கம்பெனிக்கு 1987 வரை அதுதான் பெயர். எங்க குடும்பத்துக் கல்யாணம், கிறிஸ்துமஸ், மொட்டை மாடி எல்லாத்திலும் அந்தக் கிடார் இருந்திருக்கு.

சுமார் பத்து வருஷம் முன்னாடி வீடு மாத்தும்போது அது கீழே விழுந்தது. கழுத்தும் உடம்பும் சேருற இடத்தில் விரிசல். யாரோ ஒருத்தர் ஒட்டிக் கொடுத்தார். மேலே பாலிஷ் போட்டு, விரிசல் இருந்த இடமே தெரியாம, பார்க்க ரொம்ப அழகா.

அதுக்கப்புறம் சித்தப்பா வாசிக்கிறது குறைஞ்சுகிட்டே வந்தது. ஒரு நாள் என்கிட்ட வந்தார்.

"எய்யா, விரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. எஃப் மேஜர் பிடிச்சா கட்டை விரல் அடில குத்துது."

அப்ப அவருக்கு வயசு 69. கட்டை விரல் அடி மூட்டை அழுத்திப் பார்த்தேன், வலிச்சது. எக்ஸ்ரே எடுத்தேன். லேசான தேய்மானம் இருந்தது. அந்த வயசுல பலருக்கும் இருப்பதுதான்.

நான் சொன்னது: "தேய்மானம் சித்தப்பா. வயசாச்சுல்ல. கிடாரை விட்டுருங்க."

அவர் ஒண்ணும் பேசல. கிடாரைச் சுவத்துல மாட்டிட்டார். ரெண்டு வருஷம் அது அங்கேயே தொங்குச்சு.

போன வருஷம் என் பொண்ணு கிடார் கத்துக்க ஆரம்பிச்சா. தாத்தா கிடார்தான் வேணும்னு அடம். வாங்கிட்டு வந்தோம். நாலாவது நாள் விரல் நுனி சிவந்து போய் வந்து நிக்கிறா. "அப்பா, எனக்கு எஃப் மேஜர் வரவே இல்ல. கை வலிக்குது."

பதினாலு வயசுக் கை. தேய்மானமா இருக்கும்?

அவளோட மாஸ்டர் கிடாரைக் கையில் வாங்கி, ஒரு தடவை பிடிச்சுப் பார்த்துட்டு சொன்னார்: "சார், இதை யாராலயும் வாசிக்க முடியாது."

எனக்கு அப்பதான் உறைச்சது. வலிக்குதுன்னு சொன்ன மனுஷனோட கையை மட்டும் பார்த்தேன். அந்தக் கை பிடிச்ச பொருளைப் பார்க்கவே இல்ல. "கிடாரைக் கொண்டு வாங்க, வாசிச்சுக் காட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்.

சரி, கிடாருக்கு என்ன ஆச்சு?

ஒரு அக்கூஸ்டிக் கிடார்ல ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்தா, மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ. ஒரு ஆள் எடை. மரம் அதை ராத்திரி பகலா தாங்கிக்கிட்டு நிக்குது. அம்பது வருஷத்துல மேல்பலகை லேசா உப்பும், கழுத்து லேசா முன்னால சாயும். சாய்வு ரொம்பச் சின்னதுதான், ஆனா கம்பி ஃபிரெட்டை விட்டு மேலே போயிடும். நல்ல கம்பெனி, விலை உயர்ந்த கிடார் எல்லாத்துக்கும் இது நடக்கும். வயசோட இயல்பு.

12-ஆவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை 'ஆக்‌ஷன்'னு சொல்வாங்க. தடிச்ச கம்பிக்கு சுமார் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.8 மி.மீ. அளவுல இருந்தா வாசிக்கச் சுகமா இருக்கும்.

சித்தப்பா கிடார்ல தடிச்ச கம்பிக்கு இருந்தது 5 மி.மீ. ரெண்டு மடங்குக்கும் மேல.

சென்னையில் கிடார் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர்கிட்ட போனோம். அவர் வேலை செஞ்ச விதத்தைப் பார்த்து நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். முதல்ல கிடாரைத் தொடவே இல்ல. கேள்விதான் கேட்டார். எப்ப வாங்கினது? எப்ப விழுந்தது? யார் ஒட்டினாங்க? எதை வெச்சு? கஷ்டம் ஆரம்பிச்சது விழுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

மருத்துவக் கல்லூரியில முதல்ல சொல்லித் தர்ற பாடம் இதுதான். நான் சித்தப்பாகிட்ட கேட்காம விட்டதும் இதைத்தான்.

அப்புறம் ஒரு நேர் அளவுகோலை ஃபிரெட்டுகள் மேல வெச்சுப் பார்த்தார். அதன் முனை பிரிட்ஜோட மேல் விளிம்புக்கு வரணும். இதுல பிரிட்ஜுக்கு ரொம்பக் கீழே, பலகையை நோக்கிப் போச்சு. கழுத்து முன்னால சாய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒண்ணை சவுண்ட் ஹோல் வழியா உள்ளே விட்டுப் பார்த்தார். பழைய ரிப்பேரோட லட்சணம் முழுக்க வெளியே வந்தது.

ஒண்ணு, கழுத்துச் சந்துல எபாக்சியை ஊத்தி, அது போதாதுன்னு ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, மேலே மெழுகு பூசி மறைச்சிருக்காங்க. சாய்ஞ்ச கழுத்தை நேராக்காம, சாய்ஞ்சபடியே ஒட்டியிருக்காங்க.

ரெண்டு, கம்பி உயரமா இருக்குன்னு பிரிட்ஜையே தேய்ச்சு மெலிசாக்கியிருக்காங்க. மெலிஞ்ச பிரிட்ஜ் பெயர்ந்ததும் ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்காங்க. கம்பி தாங்கும் எலும்புத் துண்டு, அதான் சேடில், வெளியே 1 மி.மீ.கூட தெரியல.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 12-ஆவது ஃபிரெட் கம்பியோட சரிபாதி இடம். அதனால அங்கே 1 மி.மீ. குறைக்கணும்னா சேடிலை 2 மி.மீ. குறைக்கணும். நமக்கு 2.5 மி.மீ.க்கும் மேல குறையணும். அதுக்கு சேடில்ல 5 மி.மீ.க்கும் அதிகமா வேணும். இருக்கிறதோ 1 மி.மீ. ஆக, கழுத்தைக் கழட்டி, கோணத்தைச் சரி பண்ணி மறுபடி மாட்டுறதைத் தவிர வேற வழியில்லை.

எலும்பு முறிவுல இதை நாங்க அடிக்கடி பார்ப்போம். முறிஞ்ச எலும்பு கோணலா ஒட்டிக்கிட்டா, வெளியே தோல் நல்லாத்தான் இருக்கும். கை கால் வேலை செய்யாது. சில பேருக்கு அந்த எலும்பை மறுபடி வெட்டி, நேராக்கி வைக்க வேண்டியிருக்கும். முதல் தடவையே ஒழுங்கா வெச்சிருந்தா தேவைப்படாத ஆபரேஷன் அது.

ரிப்பேர்காரர் சொன்னார்: "உடைஞ்சதைச் சரி பண்றது பெரிய வேலை இல்ல டாக்டர். ஒட்டினதைப் பிரிக்கிறதுதான் பெரிய வேலை."

15-ஆவது ஃபிரெட்டைக் கழட்டி, அதன் கீழே சின்னத் துளை போட்டு, ஊசி வழியா கழுத்துச் சந்துக்குள்ள நீராவி செலுத்தினார். சாதாரண மரப்பசையா இருந்தா கொஞ்ச நேரத்துல இளகிடுமாம். எபாக்சிங்கிறதால நாள் முழுக்கப் போராட்டம். சூடு பண்ணி, காத்திருந்து, அசைச்சு, மறுபடி சூடு பண்ணி... கடைசில கழுத்து வந்தது. கூடவே கொஞ்சம் மரமும் பிய்ஞ்சு வந்தது.

அப்புறம் மரத்துளையில ஏறியிருந்த பழைய பசையை ஒரு வாரம் சுரண்டினார். பசை படிஞ்ச மரத்து மேல புதுப் பசை சரியா பிடிக்காது. கழுத்தோட அடிப்பக்கத்துல காகித கனத்துக்கு இழைச்சு இழைச்சு, அளவுகோல் வெச்சுப் பார்த்துக் கோணத்தைக் கொண்டு வந்தார். ஈட்டி மரத்துல புது பிரிட்ஜ். மாட்டு எலும்புல புது சேடில். ஃபிரெட்டுகளை மட்டம் பண்ணி, கொஞ்சம் மெல்லிய கம்பி செட் மாட்டினார்.

கழுத்தை ஒட்ட அவர் எடுத்தது தோல் பசை. மாட்டுத் தோல்ல இருந்து காய்ச்சி எடுக்கிறது. மூலப்பொருள் கொலாஜன், நம்ம தோல்லயும் தசைநாண்லயும் இருக்கிற அதே புரதம். "ஏன் இதைவிட வலுவானது இல்லையா?"ன்னு கேட்டேன். "வலுவுக்குக் குறைச்சல் இல்ல. சூடும் ஈரமும் கொடுத்தா இளகும். இன்னும் முப்பது வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் இதைத் திறக்கணும் இல்லையா?"ன்னார்.

என் கருத்தும் இதுதான் மக்களே. உறுதியா எதுவும் தெரியாத நேரத்துல, திரும்ப எடுக்க முடியாத காரியத்தைச் செய்யக் கூடாது. கிடாருக்கும் சரி, மனுஷனுக்கும் சரி.

இதுக்காக சூப்பர் க்ளூவும் எபாக்சியும் கெட்டதுன்னு நான் சொல்லல. சூப்பர் க்ளூவில் இருப்பது சயனோஅக்ரிலேட். 1942-இல் அமெரிக்காவில் கண்டுபிடிச்சு, 1958-இல் கடைக்கு வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, மருத்துவத்துக்குன்னே தயாரிச்ச ஒரு பசையைத் தோல் காயத்தை மூட 1998-இல் அமெரிக்க அரசு அனுமதிச்சது. நாங்களே குழந்தைகளோட நெத்திக் காயத்துக்குப் போடுறோம். (கடையில விக்கிற பசையைக் காயத்துல போட்டுறாதீங்க.) ஆனா அழுக்கான ஆழமான காயத்தை அப்படியே ஒட்டி மூட மாட்டோம். மூடினா உள்ளே சீழ் பிடிக்கும். எங்கே, எப்ப போடுறோம்ங்கிறதுதான் விஷயம்.

"இவ்வளவு செலவு பண்றதுக்குப் புது கிடாரே வாங்கலாமே?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. எனக்கு 14,000 ரூபாய் ஆச்சு. அந்தக் காசுக்கு நல்ல புது கிடார் கிடைக்கும். எல்லாப் பழைய கிடாருக்கும் இப்படிச் செலவு பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அதுகூட உங்களுக்கு உறவு இல்லைன்னா புதுசு வாங்கிக்கோங்க. உறவு இருந்தா, அரைகுறையா ஒட்டாதீங்க. ஒண்ணு முறையாச் செய்யுங்க, இல்ல காசு சேரும்வரை அப்படியே வைங்க. உடைஞ்சபடி பத்து வருஷம் கிடந்த கிடாரைச் சரி பண்ணிடலாம். தப்பா ஒட்டின கிடாரைச் சரி பண்றதுதான் கஷ்டம்.

உங்களுக்கு உபயோகமா சில விஷயம்:

வீட்லயே சோதனை பண்ணலாம். ஏடிஎம் அட்டையோட கனம் 0.76 மி.மீ. மூணு அட்டையை அடுக்கி, 12-ஆவது ஃபிரெட்ல தடிச்ச கம்பிக்கு அடியில நுழைங்க. மூணு சரியா இருந்தா நல்லது. அஞ்சு, ஆறு நுழைஞ்சா உங்க விரல்ல தப்பில்ல, கிடாரைக் காட்டுங்க.

கிடார் உடைஞ்சா முதல்ல கம்பிகளைத் தளர்த்துங்க. சிம்பு சிம்பா நிக்கிற மரத்தைப் பிய்க்காதீங்க. விழுந்த துண்டை எல்லாம் ஒரு கவர்ல போட்டு வைங்க. பசை மட்டும் தொடாதீங்க.

வெயில்ல நிக்கிற கார்ல கிடாரை விட்டுட்டுப் போகாதீங்க. உள்ளே இருக்கிற பசை இளகும்.

ரிப்பேர் பண்றவர்கிட்ட பழைய வைத்தியத்தை மறைக்காதீங்க. யார் என்ன ஊத்தினாங்கன்னு சொல்லுங்க. திட்டு விழும், பரவாயில்லை. எங்ககிட்டயும் அப்படித்தான். நாட்டு மருந்தோ, மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கின மாத்திரையோ, முழுசாச் சொல்லுங்க.

வயசானவங்க "முடியல"ன்னு சொன்னா, உடனே "வயசாச்சு"ன்னு முடிக்காதீங்க. அவங்க எதை வெச்சு, எதுல உக்காந்து, எப்படிச் செய்யறாங்கன்னு ஒரு தடவை பாருங்க. அரிவாள்மனை மொண்ணையா இருக்கலாம். கண்ணாடி பவர் மாறியிருக்கலாம். செருப்பு தேய்ஞ்சிருக்கலாம். இதை டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். முக்கியமா எனக்கு.

கிடாரைத் தூத்துக்குடிக்குக் கொண்டு போய் சித்தப்பா மடியில வெச்சேன். ரொம்ப நேரம் சுருதி சேர்த்தார். அப்புறம் எஃப் மேஜர் பிடிச்சார். ஆறு கம்பியும் பேசுச்சு.

கட்டை விரல் வலி போயிடல. தேய்மானம் நிஜம்தானே. காலையில இறுக்கம் இருக்கு, இருபது நிமிஷத்துக்கு மேல வாசிச்சா நிறுத்திடுறார். ஆனா தினம் வாசிக்கிறார்.

"மன்னிச்சிருங்க சித்தப்பா, ரெண்டு வருஷம் வீணாப் போச்சு"ன்னேன்.

தலை நிமிரல. கம்பியைத் தடவிக்கிட்டே சொன்னார்: "விடுய்யா. நானும் கை போயிட்டுன்னுதான நெனச்சேன்."

அதைத்தான் இன்னும் என்னால விட முடியல. கை போயிட்டுன்னு அவரை நம்ப வெச்சது நான்தான்.

உங்க வீட்ல சுவத்துல ஏதாவது தொங்குதான்னு பாருங்க. இறக்கித் தூசி தட்டி, யாரு, எப்ப, ஏன் மாட்டினாங்கன்னு கேளுங்க.