ஆட்டுக்குக் கிடைத்த கருணை மானுக்கு இல்லையா?

ஆவணி பிறந்துவிட்டால் சிலாபத்திலிருந்து முன்னேஸ்வரம் செல்லும் வீதி மக்கள் வெள்ளத்தால் நிறைந்துவிடும். பஞ்ச ஈஸ்வரங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் இத்தலத்தில் இருபத்தெட்டு நாட்கள் நடைபெறும் மகோற்சவம் தெதுறு ஓயாத் தீர்த்தத்துடன் நிறைவு பெறுகிறது. தமிழரும் சிங்களவரும் ஒரே வரிசையில் நின்று அர்ச்சனைத் தட்டு நீட்டும் ஒரு சில இடங்களுள் இதுவும் ஒன்று. இராவணனைக் கொன்ற பழி தீர இராமபிரான் இங்கு சிவபெருமானை வழிபட்டார் என்பது தல வரலாறு. மாயமான் ஒன்றைத் துரத்திச் சென்றதில் தொடங்கிய துயரக் கதை, கொலைப் பாவத்திற்குக் கழுவாய் தேடுவதில் முடிந்த இடம் இது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

உற்சவம் நடைபெறும் அதே மாதங்களில், அதே புத்தளம் மாவட்டத்தின் உட்புறத்தில், வேறொரு பருவமும் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. ஆனமடுவ, கருவலகஸ்வெவ, நவகத்தேகம பகுதிகளிலும் வில்பத்துக் காட்டின் ஓரங்களிலும் வரட்சியினால் குளங்கள் வற்றிப்போகின்றன. எஞ்சியிருக்கும் நீரைத் தேடி மானும் மரையும் வெளியே வருகின்றன. நீர் இருக்கும் இடத்தில் இடியன் துவக்குடன் ஒருவன் காத்திருக்கிறான். எந்த வர்த்தமானியும் அறிவிக்காத, எந்த அதிகாரியும் அனுமதி வழங்காத இந்த வேட்டைப் பருவம் ஆண்டு தவறாது வந்து போகிறது.

இடியன் துவக்கு என்பது நமது கிராமத்து மக்களுக்குப் புதிய பொருளன்று. குழலின் வாய் வழியாக மருந்தும் ஈயமும் இட்டு, கோலினால் இடித்து இறுக்கிச் சுடுவதனால் வந்த பெயர் அது. போர்த்துக்கேயர் 1505இல் இந்நாட்டின் கரையை அடைந்த பின்னர் துப்பாக்கி செய்யும் தொழிலை நமது கம்மாளர்கள் விரைவில் கற்றுக்கொண்டனர். கண்டி இராச்சியத்தின் கைவினைஞர் வடித்த நீண்ட குழல் துவக்குகள் இன்றும் நூதனசாலைகளில் காட்சிப்பொருட்களாக உள்ளன. தெமள ஹத்பத்து எனப்படும் இவ்வுட்பிரதேசத்தில் வேட்டை பல தலைமுறைகளாக விவசாயத்துடன் இணைந்திருந்தது. சேனைப்பயிரைக் காப்பதற்கும் வீட்டு அடுப்பில் கறி வேகுவதற்கும் ஒரே துவக்கு போதுமானதாக இருந்தது. ஆகவே, இடியன் துவக்கு வைத்திருப்பவர் அனைவரும் பிறவிக் குற்றவாளிகள் என்ற தோரணையில் இவ்விடயத்தை அணுகுவதை நாம் ஏற்றுக்கொள்ளமாட்டோம்.

காட்டை முதலில் சூறையாடியவர்கள் கிராமத்து வேட்டைக்காரர்களும் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறப்படுகிறது. சாமுவேல் பேக்கர் மலைநாட்டில் வேட்டை நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்தியதைப் பெருமையுடன் நூலாகவே எழுதிவைத்தார். துரைமார் அழித்தது போக மிஞ்சியதைக் காப்பதற்கே சட்டங்கள் வந்தன. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்கூட ஆரம்பத்தில் அனுமதிப்பத்திரத்துடன் கூடிய வேட்டைக்கு இடமளித்திருந்தது. அதன் பின் வந்த திருத்தங்கள் அந்தக் கதவை அடைத்தன. இன்று மானையோ மரையையோ கொல்வது மட்டுமன்றி அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனியான குற்றமாகும்.

சட்டத்தில் குறை அதிகம் இல்லை. ஆனால் மிருகங்களின் மீதான கருணை இந்நாட்டில் எங்கே விழித்தெழுகிறது, எங்கே உறங்கிவிடுகிறது என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

2011 செப்டெம்பரில் முன்னேஸ்வரம் பத்திரகாளி அம்மன் ஆலயத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பலியிடுவதற்காகக் கொண்டுவரப்பட்டிருந்த ஆடுகளையும் கோழிகளையும் அன்றைய அமைச்சர் மேர்வின் சில்வா தமது ஆதரவாளர்களுடன் வந்து ஏற்றிச் சென்றார். விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 2013இல் பலியிடலுக்கு எதிராகத் தீர்ப்புக் கிடைத்தது. உயிர்ப்பலி கூடாதென்று இந்துக்களிலேயே பெரும்பான்மையோர் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளனர். எனவே தீர்ப்பின் நோக்கத்தோடு நமக்குப் பிணக்கில்லை. நீதிமன்றத்தில் தீர்க்கப்படவேண்டிய ஒன்றை அமைச்சர் ஒருவர் ஆலய வாசலில் தீர்க்க முற்பட்ட முறையே மனங்களைப் புண்படுத்தியது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியபோது முஸ்லிம் மக்கள் மத்தியிலும் இதே மனக்குறை எழுந்தது. மிருகங்களின் மீதான இரக்கம் சிறுபான்மையினரின் வழிபாட்டிடத்திலும் இறைச்சிக் கடையிலும் மட்டும் பொங்கி எழுவது ஏன் என்ற கேள்வியை அவர்கள் அன்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நேர்மையான பதில் கிடைக்கவில்லை.

கோயில் முற்றத்தில் விழும் ஆட்டை ஆயிரம் பேர் காண்கிறார்கள். காட்டில் கட்டுத்துவக்கில் அகப்பட்டு மூன்று நாள் துடித்துச் சாகும் மானை எவரும் காண்பதில்லை. மிருகம் நடமாடும் தடத்தில் துவக்கைக் கட்டி, அதன் விசையில் கயிற்றைத் தொடுத்து விட்டுவிட்டு வீடு திரும்பிவிடுகிறான் வேட்டைக்காரன். அந்தக் கயிற்றுக்கு மானென்றும் மனிதனென்றும் வேறுபாடு தெரியாது. விறகு பொறுக்கச் சென்றவர், தேன் எடுக்கச் சென்றவர், மாட்டைத் தேடிச் சென்ற சிறுவன் என்று கால்களை இழந்தோர் பலர். உலர்வலய வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைப் பிரிவுகளுக்குக் கட்டுத்துவக்குக் காயம் பழக்கப்பட்ட ஒன்று. கட்டியவர் பெரும்பாலும் அயலவராகவே இருப்பதனால் பொலிஸில் முறைப்பாடு செய்யவும் குடும்பங்கள் தயங்குகின்றன. உணவுப்பண்டத்துக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ‘ஹக்கபட்டாஸ்’ இதனிலும் கொடியது. பன்றிக்கு வைத்த அதனைக் கடித்து வாய் சிதைந்த யானைக்குட்டிகள் பல நாள் பட்டினி கிடந்து மடிகின்றன.

2023இல் இந்நாட்டில் உயிரிழந்த யானைகளின் தொகை 450ஐத் தாண்டியது. சூட்டுக் காயம், ஹக்கபட்டாஸ், சட்டவிரோத மின்கம்பி ஆகியன அவற்றின் மரணத்துக்கு முக்கிய காரணங்களாக உள்ளன. அதே ஆண்டில் யானைகளால் உயிரிழந்த மனிதர்களின் தொகையும் நூற்றைம்பதைத் தாண்டியது. அயல் மாவட்டமான குருநாகலில் மக்கள் பெயர் சூட்டி அன்பு காட்டிய பாத்திய என்ற கொம்பன் யானை, சூட்டுக் காயங்களினால் நலிந்து 2025 ஜூலையில் இறந்தபோது நாடே கண்ணீர் வடித்தது. அந்தக் கண்ணீர் காய்வதற்கு ஒரு வாரம்கூட எடுக்கவில்லை.

விவசாயியின் பக்கத்தையும் நாம் பார்க்கவேண்டும். கடன்பட்டு விதைத்த வயலை ஒரே இரவில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போகிறது. குரங்கு தென்னையில் குரும்பையை மிஞ்ச விடுவதில்லை. மயில் முளையையே கொத்திவிடுகிறது. முறைப்பாடு செய்தால் பதிவு செய்யப்படுகிறது. ஆனால் நட்டஈடு கைக்கு வரும்போது அடுத்த போகமும் கடந்துவிடுகிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடங்கள் நாடளாவிய ரீதியில் குரங்கு, மயில் உள்ளிட்ட பிராணிகள் கணக்கெடுக்கப்பட்டன. குரங்குகள் மாத்திரம் ஐம்பது இலட்சத்துக்கு மேல் எனத் தெரிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கெடுப்பு முறையை விஞ்ஞானிகள் கேள்விக்குட்படுத்தினார்கள். கணக்கு எவ்வாறாயினும், தனது உழைப்பைக் காக்க அரசு வராது என்று நம்பும் விவசாயி தானே ஒரு துவக்கைத் தேடிக்கொள்கிறான். பன்றிக்கென்று வந்த துவக்கு நாளடைவில் மானையும் நோக்கித் திரும்புகிறது. பன்றியை விரட்டினால் பயிர் மிஞ்சும். மானைச் சுட்டால் கையில் காசு கிடைக்கும்.

மீள்குடியேறிய மக்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இரண்டு தசாப்தங்கள் அகதிகளாக வாழ்ந்த முஸ்லிம்கள், மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி போன்ற தமது ஊர்களுக்குத் திரும்பியபோது முற்றத்தில் மரங்கள் வளர்ந்து காடாகியிருந்தன. அவர்கள் இல்லாத காலத்தில் அவர்களது நிலத்தில் காட்டுப் பிராணிகள் குடியேறிவிட்டன. வன்னியின் தமிழ்க் கிராமங்களிலும் இதுவே நடந்தது. காட்டின் எல்லை வர்த்தமானியில் ஒருவிதமாகவும் மக்களின் நினைவில் வேறுவிதமாகவும் இருக்கும் இடத்தில், எது வேட்டை, எது தற்காப்பு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. உண்பதற்கு விலக்கப்பட்ட பன்றியை முஸ்லிம் விவசாயி இறைச்சிக்காகச் சுடுவதில்லை. பயிரைக் காப்பதே அவரது நோக்கம். இந்த வேறுபாட்டைக் கூட அறியாத அதிகாரிகள் சட்டத்தை நடைமுறைப்படுத்தும்போது அது அநீதியாகவே உணரப்படுகிறது.

இவ்வளவும் கூறிய பின்னர் நமது குற்றத்தையும் நாம் கூறாமல் விடமுடியாது. இடியன் துவக்கை இன்று உயிரோடு வைத்திருப்பது விவசாயியின் வறுமை மட்டுமன்று. நகரத்தின் நாவும் அதற்குத் துணைநிற்கிறது. திருமண வீட்டுக்கும் மேலிடத்து விருந்தாளிக்கும் மான் இறைச்சி தேடுவோர் நம்மத்தியில் உள்ளனர். மரை வத்தல் கிடைத்ததென்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோரும் உள்ளனர். பிடிபடுபவன் காட்டோரத்து ஏழை. அவனிடம் வாங்கி வண்டியில் ஏற்றி வந்தவனும் அதனைத் தட்டில் இட்டு உண்டவனும் எந்த நீதிமன்றப் படியையும் மிதிப்பதில்லை. வாங்குவோர் நின்றால் விற்போர் நிற்பர் என்பதை அறிய ஆணைக்குழு அமைக்க வேண்டியதில்லை.

நமது சமயங்கள் இவ்விடயத்தில் மௌனமாக இருக்கவில்லை. கதிர்காமத்து வள்ளியம்மை மானின் வயிற்றில் பிறந்து வேடுவர் குடியில் வளர்ந்தவள் என்பது சைவ மரபு. வேடனையும் மானையும் ஒரே கதைக்குள் உறவாக்கிய மரபுக்கு உரியவர்கள் நாம். இஸ்லாம் வேட்டையை முற்றாக விலக்கவில்லை. ஆயினும் இஹ்ராம் அணிந்தவர் தரைப் பிராணிகளை வேட்டையாடலாகாது என்றும், புனித ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணிகளை வெருட்டவும் கூடாதென்றும் அது கட்டளையிட்டுள்ளது. பொறியில் அகப்பட்டு அறுக்கப்படாமலே செத்த பிராணி ஆகுமாக்கப்பட்டதன்று என்பதை மதரஸாவில் ஓதிய சிறுவனும் அறிவான். அப்படியிருக்கக் கட்டுத்துவக்கில் செத்த மானை எவ்வாறு உண்பது? ஜும்ஆப் பிரசங்கத்திலும் கோயில் உற்சவ மேடையிலும் இக்கேள்வி எழுப்பப்பட்டால் பொலிஸ் சுற்றிவளைப்புகளை விட அதிக பயன் கிட்டும் என்று நாம் நம்புகிறோம்.

வேட்டையை மீண்டும் அனுமதிப்பத்திரத்துடன் திறந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். அமெரிக்காவில் வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கிக்கென்றே தனியான மான் வேட்டைப் பருவங்கள் உள்ளன. பென்சில்வேனியா மாநிலத்தில் 1974 முதல் அவ்வாறான பருவம் நடைபெற்று வருகிறது. எத்தனை மான், எந்தத் திகதி, எந்த வலயம் என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்படுகின்றன. நமது கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1937இல் அங்கு இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி துப்பாக்கி, ரவை ஆகியவற்றின் மீதான வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே செல்கிறது. கேட்பதற்கு இது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அம்முறை நிற்பது ஒழுங்கான கணக்கெடுப்பு, கறைபடியாத அதிகாரிகள், தப்பமுடியாத தண்டனை ஆகிய மூன்று கால்களிலாகும். இவற்றுள் எத்தனை நம்மிடம் உள்ளன? மானுக்குரிய நம்பகமான கணக்கு இல்லாத நாட்டில், சிறுத்தையின் இரையாகவும் இருக்கும் மானைச் சுடுவதற்குச் சீட்டு வழங்குவது, இன்று களவாக நடப்பதைச் சட்டபூர்வமாக்குவதாகவே முடியும். ஆகவே அதனை நாம் ஆதரிக்கவில்லை.

செய்யக்கூடியவை வேறு உள்ளன. முதலாவதாக, கட்டுத்துவக்கையும் ஹக்கபட்டாஸையும் மற்றைய குற்றங்களிலிருந்து பிரித்து நோக்கவேண்டும். ஆளில்லாத ஆயுதம் கண்மூடித்தனமாகக் கொல்வது. அதற்கு எந்தச் சமாதானமும் கூறமுடியாது. இரண்டாவதாக, வீட்டிலுள்ள சட்டவிரோத இடியன் துவக்குகளைத் தண்டனையின்றி ஒப்படைப்பதற்குக் குறிப்பிட்ட காலம் ஒன்றை அறிவிக்கவேண்டும். ஒப்படைப்பவரின் வயலுக்கு வேலியை முதலில் வழங்கவேண்டும். வெறுங்கையுடன் அனுப்பினால் அவர் அடுத்த மாதமே இன்னொன்றைச் செய்வித்துக்கொள்வார். மூன்றாவதாக, கிராமத்தவரே பராமரிக்கும் மின்வேலியை வயலைச் சுற்றிப் போகத்துக்குப் போகம் அமைத்துக் கழற்றும் முறையைக் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான ஆய்வாளர்கள் கல்கமுவப் பகுதியில் செய்துகாட்டியுள்ளனர். அவர் தலைமையிலான குழு 2020இல் தேசிய செயற்றிட்டம் ஒன்றையும் ஜனாதிபதியிடம் கையளித்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டும். நான்காவதாக, பயிரழிவுக்கான நட்டஈடு அடுத்த விதைப்புக்கு முன் கிடைக்கவேண்டும். இறுதியாக, இறைச்சி விற்பவனைப் பிடிக்கும் சட்டம் வாங்குபவனின் வீட்டு வாசலையும் எட்டவேண்டும்.

முன்னேஸ்வரத்தில் ஓர் ஆட்டின் உயிருக்காக அமைச்சரும் நீதிமன்றமும் ஊடகங்களும் திரண்டன. அந்த அக்கறை உண்மையானதாயின், ஆலயத்தின் கோபுர நிழலுடன் அது நின்றுவிடலாகாது. வரட்சியில் குளக்கரைக்கு வரும் மானுக்கும், அந்தக் குளத்தை நம்பி விதைக்கும் விவசாயிக்கும், இருட்டில் கட்டுத்துவக்கின் கயிற்றை மிதிக்கவிருக்கும் சிறுவனுக்கும் அது சென்றடைய வேண்டும். அடுத்த ஆவணி வருவதற்குள் ஆட்சியாளரும் நாமும் இதனைச் சிந்திப்போமாக.