எழுதிய கூலியும் எண்ணிக் கொடுத்த கூலியும்

கூலிக்கு ஒரு கீழெல்லை வகுத்து, அதற்குக் கீழே எவரும் கொடுக்கலாகாது என்று அறிவிப்பது எந்த அரசாங்கத்துக்கும் எளிது. அறிவித்ததைக் கொடுக்க வைப்பதே கடினம். நம் நாட்டில் முதல் வேலை 1948 முதல் நடந்து வருகிறது. இரண்டாவது வேலை இன்னும் பாதி வழியில் நிற்கிறது. பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த நம் குடும்பங்கள், அந்தப் பாதி வழியில்தான் அன்றாடம் பணத்தை இழக்கின்றன.

1928-ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 26-ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1955-இல் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது. அது கேட்பது என்ன? கூலி நிர்ணயத்தில் முதலாளிகளும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில், சம உரிமையோடு கலந்துகொள்ள வேண்டும். நிர்ணயித்த கூலியைத் தனி ஆளிடம் பேசிக் குறைக்கக் கூடாது. “ஒப்புக்கொண்டுதானே வேலைக்கு வந்தான்” என்ற சாக்கு செல்லாது. கூலி விகிதம் இரு தரப்புக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். கண்காணிப்பும் தண்டனையும் இருக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால், பாக்கியைச் சட்டப்படி வசூலிக்கத் தொழிலாளிக்கு வழி இருக்க வேண்டும். ஆக, நிர்ணயிப்பதோடு அரசின் கடமை முடியவில்லை. நிறைவேற்றுவதும் அதே கையெழுத்தில் அடங்கியது.

நிர்ணயிப்பதற்கு நம்மிடம் நல்ல அளவுகோல் இல்லாமலில்லை. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதை வகுத்தது. உழைக்கும் ஒருவரின் கூலியில் மூன்று பேர் அளவுக்கான உணவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலிய செலவுக்கு 20 சதவீதம். 1991-இல் உச்சநீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அளவுகோல் இப்படி இருக்க, மத்திய அரசு 2017-இல் அறிவித்த தேசியக் கீழெல்லை நாளுக்கு 176 ரூபாய். அதே அரசு அமைத்த சத்பதி குழு, 2018 ஜூலை விலைவாசிப்படி 375 ரூபாய் வேண்டும் என்று 2019-இல் சொன்னது. 375 எங்கே, 176 எங்கே? அந்த 176-கூட மாநிலங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை.

நிறைவேற்றுவதில் உள்ள ஓட்டையை 1982-இல் டில்லி காட்டியது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகளுக்கு வெளி மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டனர். அன்றைய குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. காண்டிராக்டர் அதை ஜமாதாரிடம் கொடுத்தார். ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாய் தரகு பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசை நீட்டினார். ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்துள்ள கட்டாய உழைப்பு, பசியும் வறுமையும் கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும். காண்டிராக்டரைக் காட்டி அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது. அந்த ஒரு ரூபாயை மேஸ்திரி என்ற பெயரில் நம்மவரே நம்மவரிடம் பிடிப்பதும் உண்டு. ஒரே மொழி பேசுகிறோம் என்பதால் அது நியாயமாகிவிடாது.

2025 நவம்பர் 21 முதல் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் வரவேற்க வேண்டியவை உண்டு. குறைந்தபட்சக் கூலி முன்போல் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்றில்லை. மத்திய அரசு வகுக்கும் கீழெல்லைக்குக் குறைவாக எந்த மாநிலமும் நிர்ணயிக்க முடியாது. கூலி பாக்கி கேட்டு மனுக் கொடுக்க முன்பு ஆறு மாதமே அவகாசம். இப்போது மூன்று ஆண்டு. கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. கூலிச் சீட்டுக் கொடுப்பது கட்டாயம்.

ஆனால் காவல்காரரின் கை தளர்ந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் இனி “வசதி செய்து கொடுப்பவரும்” ஆவாராம். சில விதிகளை மீறி முதல் முறை பிடிபட்டவர், குறித்த கெடுவுக்குள் சரி செய்துவிட்டால் வழக்கு இல்லை. பிடிபடும் வரை லாபம், பிடிபட்டால் சரி செய்தால் போதும் என்றால் யார் அஞ்சுவார்? தொழிற்சாலைப் பரிசோதனை பற்றிய 81-ஆம் எண் உடன்படிக்கையை 1949-லேயே ஏற்ற நாடு இது. இன்ஸ்பெக்டர் முன்னறிவிப்பின்றி, இரவானாலும் பகலானாலும், பணியிடத்துக்குள் நுழையலாம் என்பது அதன் விதி. அந்த விதியின் வேகத்தைக் குறைக்காதீர்கள் என்பதே நம் கோரிக்கை. கீழெல்லையை 1957-ஆம் ஆண்டு அளவுகோலின்படி வகுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பதவிகளைக் காலியாக விடாமல் நிரப்ப வேண்டும். கூலி விகிதத்தை வேலை செய்யும் இடத்திலேயே, வேலை செய்வோர் படிக்கக்கூடிய மொழியில் எழுதி வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வேலை செய்த நாள், நேரம், வாங்கிய தொகை, பிடித்த தொகை ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றன்றே குறித்து வையுங்கள். வேலைக்குப் போகும் பெண்களும் தங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும். கணவன் பெயரில் இருவர் கூலியையும் எழுத இடங்கொடுக்க வேண்டாம். கூலிச் சீட்டைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். தனி ஆள் கேட்டால் வேலை போகும் என்ற அச்சம் நியாயமானது; அதனால்தான் சங்கம் இருக்கிறது. மூன்று ஆண்டுக் கெடு முடியுமுன் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். மனுவை நாம் சேர்ந்து எழுதுவோம்.