மூன்றாவது ஷிப்டின் ‘ஒரிஜினல்’

“ப்ரோ, இது காப்பி இல்ல. கம்பெனிக்குத் தைக்கிற அதே ஃபேக்டரி, அதே லெதர், அதே மெஷின். பகல்ல தைச்சா அவங்களுக்கு, நைட் ஷிப்ட்ல தைச்சா நமக்கு. லோகோவுக்குக் கொடுக்கிற காசு மட்டும் மிச்சம்.” இன்ஸ்டாகிராமில் ஸ்னீக்கர் விற்கும் தம்பிகளிடம் விலை கேட்டால் இந்தப் பாட்டு தவறாமல் வரும். இந்தச் சரக்குக்கு உலகச் சந்தையில் ‘யுஏ’ என்று பெயர். அனுமதி பெறாத அசல் என்று பொருள். ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘செவன் ஏ’ என்று நம் ஊரில் அடுக்கி வைத்திருக்கும் வரிசையில் இதற்குத்தான் உச்சாணிக் கொம்பு. வாங்குகிறவருக்கும் டூப்ளிகேட் போட்டிருக்கிறோமே என்ற கூச்சம் இருப்பதில்லை. மற்றவர்களெல்லாம் ஏமாளிகள், தான் மட்டும் விவரம் தெரிந்து வாங்கியவன் என்ற நினைப்பு.

அந்த விவரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். என் கட்சி இதுதான்: ஒரு ஷூ அசலா போலியா என்பதைத் தோலும் இயந்திரமும் தைத்த கையும் தீர்மானிப்பதில்லை. ‘இந்த ஜோடி என் பெயரில் சந்தைக்குப் போகட்டும்’ என்று பெயருக்கு உரியவர் சம்மதித்தாரா என்பதே தீர்மானிக்கிறது. ‘அதே ஃபேக்டரி’ என்பது மெய்யாகவே இருந்தாலும் இந்த விடை மாறாது. அது பெரும்பாலும் மெய்யும் இல்லை.

ஃபேக்டரியில் தொடங்குவோம். நைக்கி தன் ஷூக்களைத் தானே தைப்பதில்லை, ஒப்பந்த ஆலைகள் தைத்துக் கொடுக்கின்றன. ஏறக்குறைய பாதி வியட்நாமில், மீதியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் சீனாவிலும். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழும ஆலையிலும் நைக்கி தைக்கப்படுகிறது. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போகும் பெண்களைக் கேட்டால் அப்பர், சோல், லாஸ்ட்டிங் என்று ஷூவின் உடற்கூறு முழுவதையும் சொல்வார்கள். ஆக, பெயர் ஓரிடத்தில், தையல் வேறிடத்தில். இந்த இடைவெளியில்தான் நைட் ஷிப்ட் கதை குடியேறியிருக்கிறது.

ஆனால் அப்படிப்பட்ட ஆலை எப்படி நடக்கிறது? எத்தனை ஜோடி என்று ஆர்டர் வருகிறது. தோலையும் துணியையும் யாரிடம் வாங்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் பிராண்டே சொல்லிவிடுகிறது. இத்தனை ஜோடிக்கு இத்தனை சதுர அடி தோல் என்று கணக்கு. இந்த ஆலைகளை நடத்துபவர்கள் சந்து வியாபாரிகள் அல்லர்; ஃபெங் டே தைவான் பங்குச் சந்தையிலும், உலகின் மிகப் பெரிய விளையாட்டு ஷூ உற்பத்தியாளரான யூ யுவன் ஹாங்காங் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள். ஒப்பந்தத்தைப் பணயம் வைத்து ராத்திரியில் இன்ஸ்டாகிராம் தம்பிக்கு இவர்கள் தைத்துக் கொடுப்பார்கள் என்று நம்ப நிறைய நல்ல மனசு வேண்டும். தொழிலாளி ஒருவர் இடுப்பில் செருகி ஒரு ஜோடியை வெளியே கொண்டுவரலாம். அது திருட்டு. ஆண்டு முழுக்க, எல்லா சைஸிலும், எல்லா நிறத்திலும், கேட்டவருக்கெல்லாம் கிடைக்கிற சரக்கு அப்படி வந்திருக்க முடியாது.

பிறகு எங்கிருந்து வருகிறது? சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் புத்தியென் என்றொரு நகரம். 1980-களில் தைவான் முதலாளிகள் பெரிய பிராண்டுகளுக்குத் தைக்க அங்கே ஆலைகள் வைத்தார்கள். ஊரே ஷூ தைக்கக் கற்றுக்கொண்டது. கற்ற கை சும்மா இருக்குமா? நகல் தொழில் வளர்ந்தது. 2010-இல் நியூயார்க் டைம்ஸ் இதழின் செய்தியாளர் ஒருவர் அங்கே போய், போலி ஷூ தயாரிக்கும் ஒருவரையே சந்தித்து எழுதினார். தொடக்க காலத்தில் அசல் ஆலையின் மதிலுக்கு மேலாக மாதிரி ஷூவை வெளியே வீசிக் கொடுத்ததும் உண்டு என்கிறது அந்தக் கட்டுரை. பிற்பாடு அந்தச் சிரமமும் இல்லை: கடையில் ஒரு ஜோடி வாங்கி, பிரித்துப் போட்டு, அளவெடுத்து, மோல்டு செய்துவிடுகிறார்கள். அங்கே தைத்த ஷூவின் நாக்கில் ‘வியட்நாமில் தயாரிக்கப்பட்டது’ என்று லேபிள் இருந்தது. அதே ஃபேக்டரி என்று பெருமைப்படுகிற சரக்கு, தான் பிறந்த ஊரைச் சொல்லவே கூசுகிறது! புத்தியென் தொழிலாளிகளின் கைத்திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் திறமையும் ஒப்பந்த ஆலையும் வேறு வேறு.

‘அதே மெட்டீரியல்’ என்பது அடுத்தது. இதை மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. ஒரே தோல் பதனிடும் ஆலை பல பேருக்கு விற்கும். நூல், பசை, ஐலெட் எல்லாம் சந்தையில் கிடைப்பவை. ஆனால் ஷூவின் பெயர்பெற்ற பாகங்கள் அப்படிக் கிடைப்பதில்லை. நைக்கியின் காற்றுப் பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பரை ஆசியாவில் தைக்கக் கொடுத்தாலும், அந்தப் பைகளை நெடுங்காலமாக நைக்கி அமெரிக்காவின் ஓரிகன், மிசோரி மாநிலங்களில் உள்ள தன் சொந்த ஆலைகளில் செய்து ஒப்பந்த ஆலைகளுக்கு அனுப்பிவருகிறது. அடிடாஸ் 2013-இல் கொண்டுவந்த பூஸ்ட் சோல் இன்னொன்று. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் தரும் பிளாஸ்டிக் குருணைகளைப் பொரிபோல உப்ப வைத்து, அச்சில் இட்டு நீராவியால் ஒட்டிச் செய்வது. யுஏ சரக்கு விற்பவர்கள் ‘ஒரிஜினல் பிஏஎஸ்எஃப் பூஸ்ட்’ என்று விளம்பரம் போட்ட காலம் உண்டு. குருணை எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பாதத்துக்கு மெத்தென்று இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

சரி, ஒரு வாதத்துக்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வோம். அதே மெஷின், அதே தோல், அதே கைகள். அப்போது அசலா?

இயந்திரம் அசலானால் அது பெற்றதும் அசல் என்பவர்கள் தெல்கியை நினைத்துக்கொள்ளலாம். அப்துல் கரீம் தெல்கி, நாசிக்கில் உள்ள அரசு அச்சகம் கழித்துப்போட்ட இயந்திரங்களை வாங்கித்தான் முத்திரைத்தாள் அடித்தார். மெஷின் சாட்சாத் அரசாங்க மெஷின். அதனால் அவர் அடித்த தாள் செல்லுபடியாகிவிட்டதா? நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது.

ஷூவுக்கே ஒரு வழக்கு இருக்கிறது. என் பார்வையில் இந்த விவாதம் முழுவதையும் தாங்குவது அதுதான், அதனால் சற்று நின்று பார்ப்போம். கேண்டீஸ் என்ற பெண்கள் காலணிப் பிராண்டை வைத்திருந்த எல் கிரெக்கோ என்ற அமெரிக்க நிறுவனம், பிரேசில் ஆலை ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தது. தவணை தவணையாகச் சரக்கு வர வேண்டும். ஒவ்வொரு தவணையையும் நிறுவனத்தின் ஆள் சோதித்துச் சான்று தர வேண்டும் என்று ஏற்பாடு. சரக்கு தாமதமானதால் கடைசி இரண்டு தவணைகளை நிறுவனம் ரத்து செய்தது. ஆலை என்ன செய்யும்? தைத்த ஷூவை வேறு கைக்கு விற்றது. அது சுற்றிச் சுற்றி ஷூ வேர்ல்டு என்ற அமெரிக்கக் கடைக்கு வந்து மலிவு விலையில் விற்பனையானது. வழக்கு போட்டார்கள். கீழ் நீதிமன்றம், ‘நீங்கள் ஆர்டர் கொடுத்த ஆலை, நீங்கள் சொன்ன வடிவம், நீங்கள் அனுமதித்த பெயர், இது அசல்தான்’ என்று தள்ளிவிட்டது. நம் இன்ஸ்டாகிராம் தம்பியின் வாதமேதான்.

1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. தன் பெயரில் போகும் சரக்கின் தரத்தைக் கட்டுப்படுத்துவதே பெயருக்கு உரியவரின் முக்கியமான உரிமை, அந்தச் சோதனையைக் கடக்காமல் வெளியேறிய ஷூ அசல் ஆகாது என்றது. ஷூவில் ஓட்டை இருந்ததா, தையல் பிரிந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. இவை யாரோ ராத்திரியில் களவாகத் தைத்தவைகூட அல்ல. நிறுவனமே கேட்டுத் தைக்கச் சொன்னவை. அவற்றுக்கே இந்தக் கதி என்றால், யாரும் கேட்காமல் தைத்தவற்றுக்கு என்ன பெயர் வைப்பது?

நைட் ஷிப்ட் கதைக்கு நிஜத்தில் வேர் இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 1990-களின் கடைசியில் நியூ பேலன்ஸுக்குச் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் தைத்துக் கொடுத்த தைவான் ஒப்பந்தக்காரர் ஒருவர், நிறுவனம் போதும் என்ற பிறகும் தைத்து விற்றார். நிறுவனம் சீன நீதிமன்றங்களில் அலைய வேண்டியிருந்தது. அமெரிக்கச் சட்டத்திலேயே ஒரு நுணுக்கம் உண்டு: போலிச் சரக்கைக் கடுமையாகத் தண்டிக்க 1984-இல் கொண்டுவந்த சட்டம், தயாரித்த நேரத்தில் பிராண்டின் அனுமதி பெற்றிருந்த ஆலை அளவுக்கு மீறித் தைத்ததைப் போலி என்ற வரையறையிலிருந்து விலக்கி வைக்கிறது. யுஏ கட்சிக்குக் கிடைக்கும் ஒரே உருப்படியான ஆதாரம் இது. ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் இரண்டைக் காட்ட வேண்டும். ஒன்று, தன் சரக்கு அனுமதி பெற்ற ஆலையில், அனுமதி உயிரோடிருந்த காலத்தில் தைக்கப்பட்டது என்று. புத்தியென் சரக்கு இந்த வாசலிலேயே நின்றுவிடும். இரண்டு, குற்றவியல் வரையறையிலிருந்து தப்பியது எப்படி அசலாகிவிட்டது என்று. உரிமை மீறல் என்ற சிவில் வழக்கு அப்படியேதான் நிற்கிறது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமும், பதிவான குறியை அனுமதியின்றித் தாங்கிவரும் சரக்கைத்தான் போலி என்கிறது. தையலின் தரம் அந்த வரையறைக்குள் வரவே இல்லை.

‘எக்ஸ்பர்ட்டாலேயே கண்டுபிடிக்க முடியலயே’ என்பது இன்னொரு வாதம். மறுக்க மாட்டேன். ஒவ்வொரு ஜோடியையும் சோதித்து அசல் என்று பச்சைச் சீட்டு மாட்டி விற்ற அமெரிக்க நிறுவனம் ஸ்டாக்எக்ஸ். 2022-இல் நைக்கி அதனிடமிருந்தே நான்கு போலி ஜோடிகளை வாங்கி வழக்கில் சேர்த்தது. 2025-இல் நியூயார்க் நீதிமன்றம் மொத்தம் 37 போலி ஜோடிகளுக்கு ஸ்டாக்எக்ஸைப் பொறுப்பாளி ஆக்கியது. சோதகர் கண்ணைத் தாண்டிவிட்டனவே, அசலாக வைத்துக்கொள்வோம் என்று நீதிபதி சொல்லவில்லை. கண்ணை ஏமாற்றும் அளவுக்கு நல்ல நகல் என்பது நகல் செய்தவரின் திறமைக்குச் சான்று. அவ்வளவுதான். இதில் உண்மையிலேயே அடிபடுகிறவர், தெரிந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறவர் அல்லர். அதே ஜோடியை அவர் ஆறு மாதம் கழித்து ‘ஒரிஜினல், பில் தொலைஞ்சுடுச்சு’ என்று விற்கும்போது முழுக் காசு கொடுத்து வாங்குகிறாரே, அந்த மூன்றாம் மனிதர்.

‘கம்பெனிக்காரனே கொள்ளைக்காரன்’ என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. சில்லறை விலையில் சிறு பங்குதான் ஆலைக்குப் போகிறது, தைத்தவர் கைக்கு அதிலும் துளி. ஆனால் 1990-களில் தொழிலாளர் சுரண்டல் குற்றச்சாட்டில் அடிபட்ட நைக்கி, 2005-இல் தன் ஒப்பந்த ஆலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிட்டது. நிருபரும் தொழிற்சங்கமும் தேடிப் போய்க் கதவைத் தட்ட ஒரு விலாசமாவது இருக்கிறது. யுஏ ஆலையின் தொழிலாளிக்கு எந்தப் பட்டியலில் பெயர்? பிராண்ட் மேல் கோபம் என்றால் லோகோ இல்லாத ஷூவே வாங்கலாம். ஆம்பூரில் நல்லதாகவே கிடைக்கும்.

ஆம்பூர் என்றதும், ‘திருப்பூர்ல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்குறதில்லையா’ என்ற கேள்வி வரும். வாங்குகிறோம். மிஞ்சிய, கழிக்கப்பட்ட சரக்கு கைமாறும்போது பிராண்ட் லேபிளை வெட்டிவிட்டு விற்பது அங்கே நெடுநாள் வழக்கம். கழுத்துப் பட்டியில் பாதி அறுந்து நிற்கும் அந்தத் துண்டு, துணிக்கும் பெயருக்கும் உறவு முறிந்துவிட்டது என்று சொல்கிறது. லேபிளை வெட்டாமல், கம்பெனியைக் கேட்காமல் விற்றால் அதற்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, உரிமையாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ சந்தையில் விட்ட சரக்கை முறையாக வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்கிறது. பழைய ஷூ விற்பவருக்கு இது போதும். சம்மதமின்றிக் குறியைப் பொறிப்பது 102-ஆவது பிரிவில் குற்றம். சம்மதம் இருந்தது என்று நிரூபிக்கும் சுமையும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்பவருக்கும் இதே தண்டனை. வாங்கிப் போட்டுக்கொள்கிறவரை இந்தச் சட்டம் தொடுவதில்லை.

விற்பவர் தப்பிக்க 104-ஆவது பிரிவு ஒரு சந்து விட்டிருக்கிறது. உரிய எச்சரிக்கையோடுதான் வாங்கினேன், குறியைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை, யாரிடம் வாங்கினேன் என்ற விவரத்தையும் கொடுத்துவிட்டேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். ‘கம்பெனிக்குத் தெரியாம நைட் ஷிப்ட்ல தைச்சது ப்ரோ’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியவர் அந்தச் சந்து வழியைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டவர்.