சம்ஹாரம் புண்ணியம், சினிமா பாவமா?

"தி புரொபோசிஷன்" என்கிற ஆஸ்திரேலியா தேசத்துப் படமொன்றைப் பற்றி நம் தோழர்களில் பலர் மெச்சிப் பேசுவதைக் கேட்டு, சில நண்பர்கள் நம்மிடம் குறைப்பட்டுக் கொள்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஆட்சேபணைகள் மூன்று. ஒன்று, அந்தப் படம் முழுவதும் கொலையும் கசையடியும் ரத்தமுமாயிருக்கிறது. பகுத்தறிவு பேசுகிறவர்கள் அதை மெச்சலாமா என்பது. இரண்டு, சினிமாவை நாட்டைப் பிடித்த நோய்களில் ஒன்றென்று பெரியார் சொல்லியிருக்க, அவர் வழி வந்தவர்கள் ஒரு சினிமாவைப் புகழலாமா என்பது. மூன்று, எங்கேயோ கடலுக்கப்பால் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைச் சுட்டுக்கொள்ளும் கதை நமக்கெதற்கு என்பது. இவற்றிற்கு ஒவ்வொன்றாகச் சமாதானம் சொல்ல வேண்டியது நம் கடமையாகிறது.

முதலாவது, ரத்தம். ரத்தத்தைக் கண்டு முகம் சுளிக்கும் இந்த நண்பர்களை நாம் ஒன்று கேட்கிறோம். வருஷந்தோறும் ஐப்பசியில் திருச்செந்தூர் கடற்கரையில் யானைமுகன் தலை, சிங்கமுகன் தலை, சூரன் தலை என்று ஒவ்வொன்றாக அறுபட்டு விழுவதைப் பார்க்கப் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களே, அது ரத்தமில்லையா? இரணியனை மடியில் போட்டு வயிற்றைக் கிழித்துக் குடலை மாலையாகப் போட்டுக்கொண்ட சங்கதியைக் குழந்தைக்குக் கதையாகச் சொல்லித் தூங்க வைக்கிறீர்களே, அது ரத்தமில்லையா? நரகாசுரன் செத்த நாளென்று எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் தின்கிறீர்களே, அது சாவில்லையா? மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்பதைப் பக்திப் பரவசத்தோடு பாராயணம் செய்கிறீர்களே, கழுமரம் என்ன கரும்பா? தவம் செய்த குற்றத்திற்காகச் சம்பூகன் தலையை வெட்டியவனுக்குக் கோவில் கட்டிக் கும்பிடுகிறவர்களுக்கு, ஒரு படத்தில் கசையடி பட்டவன் முதுகைக் கண்டதும் மயக்கம் வருகிறதென்றால், அந்த மயக்கத்தின் யோக்கியதையை நாம் சந்தேகிக்க வேண்டியதாகத்தான் இருக்கிறது.

புராணத்து ரத்தத்திற்கும் இந்தப் படத்து ரத்தத்திற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புராணத்தில் வெட்டுப்பட்டவனுக்கு அழ ஆளில்லை. வெட்டியவனுக்கு வாழ்த்துப் பாட்டு உண்டு. கொலைக்கு "வதம்" என்றும் "சம்ஹாரம்" என்றும் பட்டுத்துணி போர்த்தியிருக்கிறது. இந்தப் படத்திலோ ரத்தம் ரத்தமாகவே இருக்கிறது. அடித்தவனுக்கும் அதில் பெருமையில்லை, பார்த்தவனுக்கும் அதில் புண்ணியமில்லை. இதைச் சொல்லத்தான் நாம் அதை மெச்சுகிறோம்.

இனி, படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். 2005 இல் வெளிவந்த படம். நிக் கேவ் என்கிற பாடகர் கதை எழுத, ஜான் ஹில்கோட் என்பவர் டைரக்ட் செய்தது. கதை நடப்பது 1880களில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்து வறண்ட பூமியில். இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்டான்லி என்கிற போலீஸ் கேப்டன், இந்த நாட்டை நாகரிகப்படுத்தியே தீருவேன் என்று சபதம் செய்து கொண்டிருக்கிறான். ஒரு வெள்ளைக் குடும்பத்தையே கொன்று தீர்த்த கூட்டத்தின் தலைவன் ஆர்தர் என்பவன் மலைப்பக்கம் ஒளிந்திருக்கிறான். அவனுடைய தம்பிமார் இருவர், சார்லியும் மைக்கியும், பிடிபடுகிறார்கள். கேப்டன் சார்லியிடம் ஒரு நிபந்தனை வைக்கிறான்: "உன் அண்ணனை நீயே கொன்றுவிட்டு வா. கிறிஸ்துமஸுக்குள் வராவிட்டால், விவரம் தெரியாத உன் சின்னத் தம்பியைக் கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தூக்கிலிடுவேன்" என்பது அது. ஏசு பிறந்த நாளைத் தூக்குமரத்திற்கு நாள் குறிக்க எடுத்துக்கொண்ட அழகைக் கவனியுங்கள்! எந்த மதமானாலும் பண்டிகைக்கும் பலிக்கும் உள்ள உறவு இப்படித்தான் இருக்கிறது.

இதற்குள் ஊரின் பெரிய மனிதனான பிளெட்சர், சிறைப்பட்ட பையனுக்கு நூறு கசையடி கொடுக்க உத்தரவிடுகிறான். நூறு அடி வாங்கினால் பையன் பிழைக்க மாட்டான் என்று கேப்டனுக்குத் தெரியும், தடுக்கப் பார்க்கிறான். ஊரார் விடவில்லை. கேப்டனுடைய மனைவி மார்த்தாவும், செத்துப்போன தன் சிநேகிதியை நினைத்து, அடிக்கத்தான் வேண்டுமென்று நிற்கிறாள். அடி விழுகிறது. அடிக்கிறவன் சவுக்கைத் துணி பிழிவதுபோலப் பிழிகிறான், ரத்தம் சொட்டுகிறது. பாதி எண்ணிக்கை வருவதற்கு முன்னமேயே, நியாயம் வேண்டுமென்று கூவிய கூட்டத்திற்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மார்த்தா மூர்ச்சையாகிறாள். தண்டனை தண்டனை என்று வாயால் கேட்பது எவ்வளவு சுலபம், அதைக் கண்ணால் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்த ஒரு கட்டம் போதும். நம் கோவில் திருவிழாக் கூட்டத்தில் எவனாவது இப்படி முகத்தைத் திருப்பிக் கொண்டு போனதுண்டா?

இன்னொரு கட்டம். வழியில் ஒரு சத்திரத்தில் ஜெல்லன் லாம்ப் என்கிற ஆள்பிடிக்கும் கூலிக்காரன் ஒருவன் குடித்துவிட்டுப் பேசுகிறான். படித்தவன், பேச்சில் வல்லவன். டார்வினுடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லி, மனிதர் எல்லோரும் அடிப்படையில் ஒன்று, குரங்கும் நமக்கு உறவு என்றால் இதைவிட அவமானம் உண்டா என்று வயிறெரிகிறான். அவனுக்குக் கறுப்பன் கீழ். அயர்லாந்துக்காரனும் அவனுக்குக் கீழ்தான். வெள்ளைத் தோலுக்குள்ளேயே மேல்சாதி கீழ்சாதி! தோழர்களே, விஞ்ஞானத்தைக் கண்டு எவன் பயப்படுகிறான் பாருங்கள். எவனுடைய மேன்மை பிறவியைத் தவிர வேறெதிலும் நிற்கவில்லையோ அவன்தான் பயப்படுகிறான். நம் நாட்டில் முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் டார்வின் பெயரைக் கேட்டால் அதே வயிற்றெரிச்சல்தானே!

இது இப்படியிருக்க, அந்த நாட்டின் உண்மைச் சரித்திரம் படத்தைவிடக் கொடுமையானது. அங்கே வெள்ளைக்காரன் குடியேறியபோது, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்த பழங்குடி மக்கள் இருந்தும், அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சட்டம் நடந்தது. இந்தப் பொய் பொய்தான் என்று அந்நாட்டு ஐகோர்ட் ஒப்புக்கொண்டது 1992 இல், மாபோ வழக்கில்! அந்த மக்களை ஜனத்தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருந்ததை எடுத்தது 1967 இல்! 1838 இல் மையல் கிரீக் என்ற இடத்தில் 28 பேர் அளவுக்குப் பழங்குடியினர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்காக ஏழு வெள்ளையர் தூக்கிலிடப்பட்டபோது, கறுப்பனைக் கொன்றதற்காக வெள்ளையனைத் தூக்கிலிடுவதா என்று குடியேறிகள் கொதித்தெழுந்தார்கள். நியாயம் நடந்ததற்காகக் கோபம் வந்த நாடு அது! 1928 இல் கோனிஸ்டன் என்ற இடத்தில் ஒரு வெள்ளையன் செத்ததற்காகப் போலீஸ் கூட்டம் ஊர் ஊராகச் சுட்டுத் தள்ளியது. சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கே 31. விசாரணையோ, சுட்டது சரியென்று முடிந்தது.

குவீன்ஸ்லாந்தில் "சுதேசிப் போலீஸ்" என்று ஒரு படை இருந்தது. 1848 இல் ஆரம்பித்தது. அதிகாரி வெள்ளையன்; துப்பாக்கி பிடித்தவன் பழங்குடி மகன். ஒரு பிரதேசத்து ஆளைப் பிடித்து, மொழியும் உறவும் இல்லாத வேறொரு பிரதேசத்தில் கொண்டுபோய் விட்டு, அங்குள்ளவர்களைச் சுடச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அறிக்கையில் அதற்கு எழுதிய வார்த்தை என்ன தெரியுமா? "கூட்டத்தைக் கலைத்தோம்" என்பதுதான். கொன்றோம் என்று எழுதவில்லை. அவனுக்குக் "கலைத்தல்", நம் புராணிகனுக்குச் "சம்ஹாரம்". கொலைக்காரன் எந்தத் தேசத்தானாயிருந்தாலும் அகராதியைத்தான் முதலில் திருத்துகிறான்.

இந்தப் படத்தில் குறையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. வெள்ளை அண்ணன் தம்பி கதையே நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பழங்குடியினர் வேலைக்காரனாகவும், தடம் பார்ப்பவனாகவும், குண்டுக்கு இரையாகவும் திண்ணையிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு இடத்தில் அந்தத் திண்ணை பேசுகிறது. கிறிஸ்துமஸ் அன்று கேப்டன் வீட்டு வேலைக்காரனான பழங்குடியான் வேலையை விட்டுப் போகும்போது, எஜமான் வீட்டில் போட்டிருந்த பூட்ஸைத் தோட்டத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு தன் மண்ணில் நடந்து போகிறான். கேப்டனுடைய நாகரிகம் முழுவதையும் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதாகவே நமக்குப் பட்டது. இதிலுள்ள குறை, பின்னர் 2017 இல் வந்த "ஸ்வீட் கன்ட்ரி" என்ற படத்தில் பெரிதும் தீர்ந்தது. அதை எடுத்த வார்விக் தோர்ன்டன் பழங்குடியில் பிறந்தவர். தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வெள்ளையனைச் சுட்ட பழங்குடியானின் கதை அது. கோர்ட் அவனை விடுதலை செய்கிறது. விடுதலையான வழியிலேயே அவனைச் சுட்டுக் கொல்லுகிறார்கள். சட்டம் விட்டாலும் சமூகம் விடாது என்பது சேரியில் பிறந்த எவனுக்கும் தெரிந்த சங்கதிதானே!

இரண்டாவது ஆட்சேபணைக்கு வருவோம். பெரியார் சினிமாவை நோயென்று சொன்னது உண்மை. அவர் பேச்சை வேதவாக்காக்கி மனப்பாடம் செய்கிறவன் அவருடைய தொண்டனல்ல; அவர் சொன்னதன் காரணத்தைத் தேடுகிறவனே தொண்டன். புராணக் குப்பையையும் மூடநம்பிக்கையையும் பெண்ணடிமையையும் காசுக்கு விற்று, பார்க்கிறவன் புத்தியை மழுங்கச் செய்வதால் அது நோய். மழுங்கிய புத்தியைக் குத்தி எழுப்புகிற படமொன்று வந்தால் அதற்கு நோய் என்று பெயரிடுவது எப்படி நியாயமாகும்? கத்தி கசாப்புக்கடைக்காரன் கையிலும் இருக்கிறது, ரண வைத்தியன் கையிலும் இருக்கிறது. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: இது குழந்தைகளுக்குக் காட்டும் படமல்ல. நாலு பேர் கூடிப் பார்த்து, பார்த்தபின் உட்கார்ந்து விவாதிக்க வேண்டிய படம்.

மூன்றாவது, எங்கேயோ நடந்த கதை நமக்கெதற்கு என்பது. அந்த நாட்டை ஆண்ட அதே சாம்ராஜ்யம்தான் 1871 இல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. பிறந்த குழந்தையையும் பிறவிக் குற்றவாளி என்றது. 1911 இல் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1920 ஏப்ரல் 3 இல் மதுரை ஜில்லாவில் பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மாட்டோமென்று நின்றவர்கள் துப்பாக்கிக்கு இரையானார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947 இல் ஒழிந்தது. பிறவியிலேயே ஒருவன் குற்றவாளி என்ற எண்ணத்தை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டு வந்தானா, இங்கே இருந்த மனுதர்மத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு எழுதிக்கொண்டானா என்பதை வாசகர்களே யோசிக்கட்டும். சட்டம் போட்டவன் அவன். கைரேகை எடுத்த போலீஸ்காரன் நம்மூர்க்காரன். சுதேசிப் போலீஸ் அங்கே மட்டுமா இருந்தது?

ஆகவே தோழர்களே, இந்தப் படத்தைப் பாருங்கள். முகத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பிக் கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. அப்படித் திருப்பிக்கொண்ட அதே முகத்தை, அடுத்த ஐப்பசியில் சூரன் தலை உருளும்போதும் திருப்புவதற்கு உங்களுக்கு மனம் வருமா என்பதுதான் நம் கேள்வி. உங்கள் பிள்ளை கோவில் வாசலில் "வதம்" என்ற வார்த்தையைக் கேட்டு வந்து அர்த்தம் கேட்டால், பட்டுத்துணி போர்த்தாமல் "கொலை" என்று சொல்லுங்கள். யார் செய்த கொலை, யாரைச் செய்த கொலை, யாருடைய நிலத்திற்காகச் செய்த கொலை என்று அந்தப் பிள்ளை தானே மேற்கொண்டு கேட்கும்.