எழுத்துப் பரீட்சையில் கணனி

நாட்டு மக்களின் கணனி அறிவு வீதம் உயர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியதே. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணிப்பீடுகளின்படி 2004 இல் நூற்றுக்குப் பத்துப் பேரைக் கூட எட்டியிராத இவ்வீதம், 2021 இல் மூன்றிலொரு பங்கைத் தாண்டியிருந்தது. ஆயினும், கணனி அறிவுடையவர் என எவர் கணக்கிடப்படுகின்றார் என்பதையும் நோக்க வேண்டும். 5 முதல் 69 வயது வரையானோரில் பிறர் துணையின்றிக் கணனியைப் பயன்படுத்தக் கூடிய எவரும் இக்கணக்கில் அடங்குவர். ஐந்து வயதுப் பிள்ளை கணனியில் விளையாடத் தெரிந்திருந்தாலே போதுமெனத் திணைக்களமே உதாரணம் காட்டுகின்றது. புள்ளிவிபரம் திரட்டுவதற்கு இந்த வரைவிலக்கணம் போதுமானதாகலாம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுடன் தொழில் தேடிப் புறப்படும் இளைஞரின் தகைமையை அதனால் அளக்க முடியாது. அந்த அளவுகோலிலும் கூட பெருந்தோட்டத்துறை நகர்ப்புறத்தின் அரைவாசியையும் எட்டியிருக்கவில்லை.

ஆட்சிகள் மாறியபோதும் கணனிக் கல்வியை எந்த அரசாங்கமும் புறக்கணித்ததாகக் கூறுவதற்கில்லை. உயர்தர மாணவர்களுக்குப் பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சை வந்தது. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் விருப்பப் பாடமாயிற்று. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. மகிந்தோதய ஆய்வுகூடங்கள் பின்தங்கிய பிரதேசங்களுக்கும் சென்றன. 2024 நவம்பரில் டிஜிட்டல் பொருளாதாரத்துக்கெனத் தனியான அமைச்சும் உருவாக்கப்பட்டது.

குறை எங்கேயுள்ளது என்பதைச் சாதாரண தர வினாத்தாளே காட்டித் தருகின்றது. கணனிப் பாடத்துக்குரிய இரு வினாத்தாள்களும் எழுத்து மூலமானவை. பாஸ்கல் மொழியில் அமைந்த செய்நிரலை மாணவர் பேனாவினால் எழுதுகின்றார். அரைப்புள்ளியொன்று தவறினாலும் இயந்திரம் அக்கணமே மறுத்துவிடும். மாணவரும் அக்கணமே திருத்திக் கற்றுக்கொள்வார். காகிதத்தில் இழைத்த தவறோ விடைத்தாளுடன் கொழும்புக்குச் சென்றுவிடுகின்றது. தான் எழுதிய செய்நிரல் ஒருமுறையேனும் இயங்குவதைக் காணாமலேயே பாடத்தில் சித்தி பெறலாம் என்பது விசித்திரமானதே.

பரீட்சைக்குத் தேவைப்படாத இயந்திரம் பாடசாலையிலும் தேவைப்படாததாகி விடுகின்றது. பழுதடைந்தால் பதில் கூற வேண்டியவர் அதிபர். திருத்துவதற்கு நிதியில்லை. எனவே ஆய்வுகூடத்தைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பானது என அவர் கருதினால் அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கட்டடத்துக்கும் திறப்பு விழாவுக்கும் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் இதனுடன் ஆசிரியர் பற்றாக்குறையும் சேர்ந்து கொள்கின்றது.

தொழில் வழங்குவோர் எதிர்பார்ப்பதும் பெரிய வித்தையன்று. கல்முனையில் மொத்த வியாபாரம் செய்பவருக்கு இருப்புக் கணக்கை விரிதாளில் பேணக்கூடிய ஒருவர் தேவை. பிரதேச செயலகத்துக்கோ தமிழில் பிழையின்றிக் கடிதம் தட்டச்சிடக் கூடியவர் தேவை. தமிழ் விசைப்பலகைக்கான இலங்கைத் தரநியமம் 2008 இல் வெளியாகியும், பாமினி எழுத்துருவில் பழகியவர்கள் அனுப்பும் கடிதங்கள் மறுமுனையில் வாசிக்க முடியாத குறியீடுகளாக மாறும் அவலம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. (இதில் பத்திரிகை அலுவலகங்களும் விதிவிலக்கல்ல.)

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை தேடி மலையுச்சிகளில் ஏறிய மாணவர்களின் படங்கள் பத்திரிகைகளை நிறைத்தன. அவர்களிற் பலரது கையில் இருந்தது பெற்றோரின் கைத்தொலைபேசி. அதில் பாடத்தைப் பார்க்கலாம், கேட்கலாம். கணக்கேடொன்றைத் தயாரித்துப் பழகுவது கடினம். கைத்தொலைபேசி பரவிவிட்டதால் கணனிக் கல்வியும் பரவிவிட்டது என அதிகாரிகள் ஆறுதல் கொள்வார்களாயின் அது தவறாகும்.

சாதாரண தரக் கணனிப் பாடத்தின் புள்ளிகளில் ஒரு பகுதியேனும் இயந்திரத்தின் முன்னமர்ந்து செய்யும் செய்முறைக்கு ஒதுக்கப்பட வேண்டும். எல்லாப் பாடசாலைகளிலும் வசதியில்லையே எனக் கேட்கலாம். விஞ்ஞான ஆய்வுகூடங்களைப் போன்று, வசதியுள்ள பாடசாலையைச் சுற்றியுள்ள பாடசாலைகளுக்குப் பிற்பகலில் திறந்துவிட வலயக் கல்விப் பணிப்பாளர்களால் முடியும். பராமரிப்புக்கெனச் சிறு தொகையொன்றை வருடாந்தம் அதிபரின் கையில் கொடுத்து, பயன்பாட்டினால் ஏற்படும் பழுதுக்கு அவர் தண்டிக்கப்படமாட்டார் எனக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் உறுதியளிக்குமாயின், பூட்டுகளிற் பல அடுத்த தவணையிலேயே திறக்கப்படும்.