சொந்தக் காரணமாம்! யாருடைய சொந்தம்?



2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. காவிரியும் கைவிட்டது. டெல்டாவில் கருகின நடவைப் பார்த்துப் பார்த்தே நம் ஆட்கள் செத்தார்கள். 2017 ஜனவரி 10-ம் தேதி மாநிலம் முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்தது; 17 விவசாயிகள் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாயும் அறிவித்தது. அதே அரசு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் என்ன சொன்னது? வறட்சியால் ஒரு விவசாயியும் சாகவில்லை, சொந்தக் காரணமாம்!

வாங்கின கடன் சொந்தம். மகள் கல்யாணம் நின்னது சொந்தம். வராத தண்ணி யாருக்குச் சொந்தம்?

'அவன் உயிர், அவன் முடிவு' என்று பேசுகிறவர்களும் உண்டு. நாலு வழி திறந்திருந்து ஒன்றில் போனால் அது முடிவு. நாலையும் அடைத்துவிட்டு, அவனே போனான் என்பது அநியாயம் இல்லையா?

உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு. நல்ல சட்டம்தான். ஆனால் 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 226-வது பிரிவோ, அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்த அப்படி முயன்றால் ஓராண்டு வரை சிறை என்கிறது. வரப்பில் என்றால் மன அழுத்தம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் என்றால் குற்றமா?

அதற்காகச் சாவைத் தியாகம் என்று மைக் பிடித்துப் புகழ்வதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். செத்தால் கடன் தீரும் என்பதும் பொய். கடன் நிலத்தோடு வரும். வாரிசுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு, அதற்கு மேல் கேட்க எவனுக்கும் உரிமையில்லை. ஆனா அந்த ஒண்ணரை ஏக்கரும் போயிட்டா பொண்டாட்டி பிள்ளை எதை வச்சுச் சோறு திங்கும்? பட்டா மாற்ற தாலுகா ஆபீசுக்கு அவள்தானே நடக்கணும்?

ராத்திரி தூங்காமல் நடக்கிற ஆள் உங்கள் தெருவில் இருந்தால் சும்மா விடாதீர்கள். போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். 14416-க்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், காசில்லை. ஜப்தி நோட்டீஸ், நகை ஏல நோட்டீஸ் எது வந்தாலும் மறைக்காதீர்கள். இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், கலெக்டர் மேசையில் சேர்ந்தே வைப்போம்.